தொழில்முனைவு படிக்கும் மூன்று வருடம்: கையில் ஒரு கணக்கு நோட்டு இருக்கட்டும்

பி.பி.ஏ., பி.காம்., பொறியியல் என எந்தப் பக்கம் போனாலும் இப்போது தொழில்முனைவு ஒரு தாளாகவாவது வந்துவிடுகிறது. சில இடங்களில் அதுவே முழுப் பட்டப்படிப்பு. படிப்பை முடித்து வெளியே வருகிறவர்களிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு பிட்ச் டெக் (முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடுகள்), நாலைந்து போட்டிச் சான்றிதழ்கள், லிங்க்ட்இன்னில் ‘ஃபவுண்டர்’ என்ற பட்டம். வேலைக்கு எடுக்கும் மேனேஜரோ, கடன் கொடுக்கும் வங்கிக் கிளையோ இவற்றைப் புரட்டிப் பார்ப்பதோடு சரி. அவர்கள் தேடுவது வேறு: இந்தப் பையனுக்கு, இந்தப் பெண்ணுக்குக் காசு எப்படி உள்ளே வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று தெரியுமா? அதைக் காட்ட ஒரே வழி, படிக்கும்போதே ஒரு சின்ன வியாபாரத்தை ஆறு மாதமாவது பில்லும் கணக்குமாக நடத்துவது. அது ஜெயிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

முதலில் பாடங்கள். முதல் வருடத்தில் அக்கவுண்டன்சி, பிறகு காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு), வணிகச் சட்டம். இந்த மூன்றையும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டு ‘ஸ்டார்ட்அப்’ தாளில் மட்டும் ஆர்வம் காட்டுவது தலைகீழ். தொழில்முனைவுப் பாடநூலில், சிறுதொழில் செய்கிறவர்களுக்குச் சாதிக்கும் ஊக்கத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று பார்க்க உளவியலாளர் மெக்லெலாண்ட் 1960-களில் நடத்திய காக்கிநாடா பரிசோதனை தவறாமல் வரும். தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் கையில் காசில்லாத மாணவருக்கு அதைவிடப் பயன்படுவது தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001-இல் எழுதிய கருத்து. அனுபவமுள்ள தொழில்முனைவோர் ‘எவ்வளவு லாபம் வரும்’ என்று தொடங்குவதில்லை. ‘எவ்வளவு போனால் தாங்குவேன்’ என்று தொடங்குகிறார்கள் என்பது அதன் சாரம். அந்த எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். 10,000 என்றால் 10,000. அதைத் தாண்டினால் நிறுத்துவது என்று வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, என்ன விற்பது. இங்கே எல்லோரும் சர்வே படிவம் அனுப்புவார்கள். “இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டால் நூற்றுக்கு எண்பது பேர் ஆமாம் என்பார்கள், மரியாதைக்கு. அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. நடந்ததைக் கேளுங்கள்: “கடைசியா இத எப்ப வாங்கினீங்க? எந்தக் கடையில? என்ன விலை? அதுல என்ன பிடிக்கல?” ஒருவர் கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அந்த மாதிரிப் பொருளை வாங்கவில்லை என்றால், அவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. முப்பது பேரிடம் நேரில் பேசினாலே பதில்கள் திரும்பத் திரும்ப ஒன்றாக வரத் தொடங்கும். அதன்பின் முன்பணம் வாங்கிப் பாருங்கள். நூறு ரூபாய் ஜிபே செய்கிறவர்தான் உண்மையில் ஆமாம் சொன்னவர்.

இப்போது கணக்கு. எளிமையாக இட்லிப் பொடியை எடுத்துக்கொள்வோம். 200 கிராம் பாக்கெட், எம்ஆர்பி 90 ரூபாய். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் மண்டியில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 36. மில் கூலி 3. கவரும் லேபிளும் 6. போக்குவரத்து 4. ஆக 49. கடைக்காரர் எம்ஆர்பியில் 20 சதவீதம் கேட்பார், 18 ரூபாய். உங்களுக்கு வருவது 72. மாணவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் 72-இல் 49 போனால் 23, பாக்கெட்டுக்கு 23 ரூபாய் லாபம் என்று ஸ்லைடில் போட்டுவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். 100 பாக்கெட் கொடுத்தால் அத்தனையும் விற்காது. எட்டு திரும்பி வருகிறது என்று வையுங்கள். விற்றது 92, வரவு 6,624. செலவு நூறு பாக்கெட்டுக்கும் சேர்த்து 4,900. மிச்சம் 1,724. அடுத்தது உழைப்பு. 20 கிலோ பொடி வறுத்து, அரைத்து, எடை போட்டு, சீல் செய்து, கடைகளுக்குப் போட்டு வர எல்லோருடைய நேரமும் சேர்த்து 20 மணி நேரம் ஆகிறது என்றால், மணிக்கு 60 ரூபாய் வைத்தாலும் 1,200. இப்போது மிச்சம் 524. பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் சில்லறை. அம்மா சும்மா செய்து கொடுக்கிறார் என்பதால் அந்த 1,200 இல்லாமல் போய்விடாது; அம்மா உங்கள் வியாபாரத்துக்கு மானியம் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆள் வைத்து நடத்த வேண்டிய அன்று அது வெளியே வரும்.

இன்னொன்றும் உண்டு. வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும், மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். 20 கிலோ பொடிக்கு 20 கிலோ சரக்கு வாங்கினால் கடைசிப் பாக்கெட்டுகள் காலியாக நிற்கும். முதல் மூன்று தடவை போட்ட எடை, வந்த எடை இரண்டையும் எழுதி வைத்தால் உங்கள் சேதார விகிதம் கிடைத்துவிடும். அதை ஈடுகட்ட 200 கிராமுக்குப் பதில் 190 போடலாம் என்ற யோசனை வரும். சட்டமுறை எடையளவுத் துறை அதைப் பிடிக்கத்தான் இருக்கிறது. தராசுக்கு முத்திரை போட்டிருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

லாபம் வந்தாலும் காசு வராது என்பதை வகுப்பில் ‘ஒர்க்கிங் கேப்பிடல்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். தெருவில் அது இப்படி இருக்கும்: மளிகைக் கடைக்காரர் சரக்கை வாங்கிவிட்டு “அடுத்த மாசம் வாங்கிக்கப்பா” என்பார். வாரம் 100 பாக்கெட் போடுகிறீர்கள். நான்கு வாரத்தில் 19,600 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும், ஒரு பைசா வந்திருக்காது. ஐந்தாவது வாரம் முதல் பணம் வருகிற நேரத்தில் அடுத்த 4,900-க்குச் சரக்கு வாங்க வேண்டும். 10,000 ரூபாயோடு தொடங்கியவர் இரண்டாவது வாரம் முடியும்போதே நின்றுவிடுவார். பொடி நன்றாக இருந்தும் நிற்பார். வழிகள் உண்டு: பாதிச் சரக்கை நேரடியாக, உடனடிப் பணத்துக்கு விற்பது; கடைகளை மூன்றோடு நிறுத்துவது; பழைய பாக்கி வராமல் புதுச் சரக்கு போடாதிருப்பது. கடைசியானது சொல்ல எளிது, செய்யக் கூச்சமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பிரதி டெலிவரி சலான் (சரக்கு கொடுத்ததற்கான சீட்டு) எழுதி, தேதி போட்டு, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். உதயம் பதிவு (சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எப்படியும், தெருமுனைக் கடைக்காரர் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. கையெழுத்துள்ள சலான்தான் அங்கே பேசும்.

பதிவுகள் பற்றி நிறைய பயம் இருக்கிறது, பாதி தேவையற்றது. உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அடிப்படைப் பதிவு கட்டாயம். வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். ஏஜெண்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் அது அவருடைய கூலி. அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். கூடவே பொருளின் பெயர், அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகச் சேர்மானங்கள், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரிப்பாளர் முகவரி, புகார் தொடர்பு, சைவமென்றால் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. ஆயிரம் லேபிளை அடித்துவிட்டு நிகர எடையை விட்டுவிட்டோம் என்று அத்தனையையும் குப்பையில் போடுவது சர்வ சாதாரணம். முதலில் ஐம்பது மட்டும் அடியுங்கள். பாக்கெட் போட்டு விற்கிறவர் எடையளவுத் துறையிலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் 500.

உதயம் பதிவு ஆதாரும் பான் எண்ணும் வைத்துச் செய்வது, முற்றிலும் இலவசம். கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் வந்து நிற்கும். பணம் கேட்டாலே வெளியேறிவிடுங்கள். ஜிஎஸ்டி பொருள் விற்பனைக்கு வருடம் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான். ஒரு விதிவிலக்கு முக்கியம்: பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராமில் பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்ததும் சந்தோஷத்தில் அனுப்பிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வங்கியில் நடப்புக் கணக்குத் திறக்க, தனி உரிமையாளர் நிறுவனத்துக்குப் பொதுவாகத் தொழில் சான்று இரண்டு கேட்பார்கள். உதயமும் எஃப்எஸ்எஸ்ஏஐயும் இருந்தால் போதும். அதுவரைக்கும் சொந்த சேமிப்புக் கணக்கின் க்யூஆரையே ஒட்டி ஓட்டாதீர்கள். இன்னொரு சேமிப்புக் கணக்காவது தனியாக வையுங்கள். பிரியாணிக்குக் கொடுத்ததும் பருப்புக்குக் கொடுத்ததும் ஒரே ஸ்டேட்மெண்டில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

நண்பர்கள் சேர்ந்து தொடங்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரி வியாபாரங்கள் சந்தையால் சாவதைவிட நட்பால் சாவது அதிகம். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் அது சட்டப்படி கூட்டாண்மைதான். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13-ஆவது பிரிவு: ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை லாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமம். தினமும் மில்லுக்கு அலைந்தவருக்கும் லோகோ வரைந்துவிட்டுப் போனவருக்கும் ஒரே பங்கு. முத்திரைத்தாளில் ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: யார் எவ்வளவு போட்டார்கள், யார் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நடுவில் போகிறவருக்கு என்ன கிடைக்கும், பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் யாருடையது. முதலாண்டில் சேர்ந்து இன்னும் 18 ஆகாதவர் பங்குதாரராக முடியாது என்பதையும் கவனியுங்கள்.

பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கும் ஆசைக்குக் கொஞ்சம் தடை போடுங்கள். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரத்துக்குத் தனி உரிமையாளர் நிறுவனம் செல்லாது. கம்பெனி, எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு பெற்ற கூட்டாண்மை என ஏதாவது வேண்டும். ஏதோ போட்டி அந்த அங்கீகாரத்தைக் கேட்கும். நான்கு பேர் சேர்ந்து அவசரமாகக் கம்பெனி பதிவார்கள். அதன்பின் 30 நாளுக்குள் ஆடிட்டர் நியமனம், 180 நாளுக்குள் தொழில் தொடக்க அறிவிப்பு, வருடாவருடம் ஏஓசி-4 (நிதிக் கணக்கு), எம்ஜிடி-7ஏ (ஆண்டு அறிக்கை) படிவங்கள். ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் இந்த வருடாந்திரப் படிவங்கள் போக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. செமஸ்டர் தேர்வு, ப்ளேஸ்மெண்ட் என்று ஒரு வருடம் மறந்தால் இரண்டு படிவத்துக்கு 73,000. வெளி முதலீடு அல்லது பெரிய நிறுவன ஆர்டர் கையில் வரும்வரை தனி உரிமையாளராகவோ கூட்டாண்மையாகவோ இருப்பதே நல்லது.

போட்டிகளுக்குப் போகலாம், தப்பில்லை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன், கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இரண்டும் மாணவர்களுக்கு நிறையவே செய்கின்றன. பொருளை உருவாக்கிப் பார்க்கும் நிலையில் இருந்தால் கிண்டி நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பரிசுத்தொகையே ஒரு வருடத்தின் ஒரே வருமானமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். வருகைப் பதிவு இடித்தால், 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட மாணவர், ஆசிரியர்களுக்கான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையை உங்கள் கல்லூரி ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்றிருந்தால் வருகைத் தளர்வு கேட்க வழி இருக்கும்.

இரண்டாம் வருட விடுமுறையில் இன்டர்ன்ஷிப். பெரிய கம்பெனியில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு பிபிடி செய்வதைவிட, இருபது முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையோ, டிஸ்ட்ரிபியூட்டர் அலுவலகமோ, கார்மெண்ட்ஸ் யூனிட்டோ மேல். முதலாளியிடம் “என்ன வேணாலும் செய்றேன் சார்” என்று போகாதீர்கள். அவர் டீ வாங்க அனுப்புவார். குறிப்பாகக் கேளுங்கள்: “சார், வர வேண்டிய பாக்கி லிஸ்டை 30 நாள், 60 நாள், 90 நாள்னு பிரிச்சுத் தரட்டுமா? சரக்கு இருப்பை நேர்ல எண்ணி டாலியோட ஒப்பிட்டுப் பாக்கட்டுமா?” இந்த இரண்டும் எந்தச் சிறு நிறுவனத்திலும் பாக்கி கிடக்கும் வேலை. செய்து முடிப்பதற்குள் அந்த வியாபாரம் எங்கே ஒழுகுகிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், அவருக்கும் தெரிந்திருக்கும். டாலி (கணக்கு மென்பொருள்), எக்செல்லில் பிவட் டேபிள், ஜிஎஸ்டி ரிட்டன்களில் ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி என்ற ஓட்டம். இவ்வளவு தெரிந்தாலே கம்பெனிக்காரர்கள் உங்களை உட்கார வைத்துப் பேசுவார்கள்.

வேலை என்று வரும்போது, இந்தப் படிப்புக்கு நேராகப் பொருந்துகிற இடங்கள் மூன்று நான்கு. நுகர்பொருள் நிறுவனங்களின் விற்பனைப் பிரிவு ஒன்று: டிஸ்ட்ரிபியூட்டர் போட்ட முதலுக்கு வருமானம் எவ்வளவு, கடைக்கு எத்தனை நாள் கடன், திரும்பி வரும் சரக்கு எவ்வளவு என்பதே அங்கே அன்றாடப் பேச்சு. பொடிக் கணக்கை உண்மையில் போட்டவருக்கு அது புதிதாக இருக்காது. இரண்டாவது, வங்கி, நிதி நிறுவனங்களின் சிறுதொழில் கடன் பிரிவு. கடைக்குப் போய் விற்பனையை மதிப்பிட்டு, ஸ்டேட்மெண்டோடு ஒத்துப்பார்க்கும் வேலை. மூன்றாவது, திருப்பூர், கரூர் பக்கம் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வாங்கியதிலிருந்து சரக்கு போகும்வரை கவனிப்பவர். நூல் முதல் பேக்கிங் வரை காஸ்டிங் ஷீட் போடவும், பையருக்குச் சொன்ன தேதியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வேலைக்கும் நாள் குறிக்கவும் தெரிய வேண்டும். ஸ்டார்ட்அப்களின் ஃபவுண்டர்ஸ் ஆபிஸ் (நிறுவனருக்கு நேரடி உதவியாக இருக்கும்) வேலையும் உண்டு. கற்றுக்கொள்ள நல்லது, வேலை வரையறை இருக்காது. அப்பாவின் கடைக்கே திரும்புகிறவர்கள் முதல் நாளே சம்பளமும் ஒரே ஒரு பொறுப்பும், வசூலோ கொள்முதலோ, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல் கல்லாவில் உட்கார்ந்தால் பத்து வருடம் ஆனாலும் ‘முதலாளி பையன்’தான்.

ரெஸ்யூமேயில் ‘ஃபவுண்டர் அண்ட் சிஇஓ’ என்று போடாதீர்கள். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துச் சிரிப்பார், அல்லது ஆறு மாதத்தில் ஓடிவிடுவீர்கள் என்று பயப்படுவார். “இட்லிப் பொடி தயாரிப்பு, மூன்று கடைகள், எட்டு மாதத்தில் இத்தனை பாக்கெட், திரும்பிய சரக்கு 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதம், சராசரி வசூல் 34 நாளிலிருந்து 19 நாள்” என்ற மாதிரி உங்கள் உண்மையான எண்களை எழுதுங்கள். நேர்காணலில் “ஏன் நிறுத்தினீர்கள்?” என்பது நிச்சயம் வரும். “படிப்பில் கவனம் செலுத்த” என்பது எல்லோரும் சொல்கிற பதில். “கூலி சேர்த்தால் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய்தான் நின்றது, விலையை 100 ஆக்கிப் பார்த்தோம், விற்பனை பாதியானது” என்று சொன்னால் அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவார்கள்.

வேலை வேண்டாம், தொழில்தான் என்கிறவர்கள் இறுதியாண்டிலேயே மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். புதுத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மத்திய அரசின் கடன்-மானியத் திட்டமான பிஎம்இஜிபியில் உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு. மானியம் 15 முதல் 35 சதவீதம். ஓபிசி, பட்டியல் வகுப்பினர், பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, பிஎம்இஜிபி மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் உங்கள் பெயரில் வைப்பாக இருந்து, யூனிட் ஓடுகிறது என்று சரிபார்த்த பின்தான் கடனில் கழியும். மானியத்தை நடைமுறை மூலதனமாகக் கணக்கில் எழுதினால் மூன்றாவது மாதமே திணறும். இரண்டு, அந்தத் திட்டம் புது யூனிட்டுக்கு மட்டும். கல்லூரியில் ஓட்டிய அதே வியாபாரத்தை அதே பெயரில் காட்டினால் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தள்ளிவிடலாம். விண்ணப்பிக்கும் முன் அதிகாரியிடமே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டி எண்ணுள்ள கொட்டேஷன் வாங்குங்கள். மாமா கடை லெட்டர்பேடில் வாங்கியது போகாது. கல்விக் கடன், மொபைல் இஎம்ஐ, ஆப் கடன் எதிலாவது தவணை தவறியிருந்தால் சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாறு) நிற்கும். 800 ரூபாய் பாக்கிக்காக 8 லட்சம் கடன் தள்ளிப்போவது நடக்கிற விஷயம்தான். இரண்டாம் வருடத்திலேயே அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

வியாபாரத்தை நிறுத்துவதாக இருந்தால் அதையும் முறையாகச் செய்யுங்கள். கடைகளில் உள்ள சரக்கை எண்ணி எடுத்து, பாக்கியை வசூலித்து, பங்குதாரர்களுக்குள் கடைசிக் கணக்கு ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஜிஎஸ்டி எடுத்திருந்தால் ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டனைத் தாக்கல் செய்ய வேண்டும்; சும்மா விட்டால் விற்பனையே இல்லாத ரிட்டனுக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கும். நடப்புக் கணக்கை மூடாவிட்டால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிப்பார்கள். சலான் புத்தகத்தையும் நோட்டையும் மட்டும் தூக்கிப் போடாதீர்கள். நேர்காணலுக்கு அவற்றைக் கையோடு எடுத்துப் போகலாம்.